நான் போனால் மட்டும் ஓடும் இன்டர்நெட்

1. காலையிலேயே அர்ச்சனை

டெலிபோன் லைனில் முப்பத்து நாலு வருட சர்வீஸ் ஆன ஒருவனை, அவன் மூத்த மகனைவிட இளைய ஆபீசர் ஒருவர் நிற்க வைத்துத் திட்டினால் ரோஷம் வருமா, சிரிப்பு வருமா? எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது. எதையும் வெளியே காட்டவில்லை. பென்ஷன் பேப்பரில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் சப்-டிவிஷன் இன்ஜினியர், எஸ்.டி.இ. சார், கம்ப்ளெயின்ட் லிஸ்டை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஐயா, ஒரே நம்பர். ஒரே கம்ப்ளெயின்ட். இன்டர்நெட் கட் ஆகுது. மூணு தடவ 'சரி செய்யப்பட்டது'ன்னு எழுதி குளோஸ் பண்ணியிருக்கீங்க. இன்னிக்கு நாலாவது தடவயும் வந்துட்டு. நீங்க அங்க போய் லைன் பாக்கீங்களா, இல்ல திருநீறு போட்டு மந்திரிச்சிட்டு வாறீங்களா?"

"சார், நான் போறப்ப நல்லா ஓடுது."

"அப்பம் நீங்க அங்கயே ஒரு கட்டிலப் போட்டுக் கெடங்க."

நம்பர் எனக்கு மனப்பாடம். அருமனையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், இரண்டு மேட்டுக்கு நடுவே, ரப்பர் தோட்டத்துக்குள் பள்ளத்தில் இருக்கிறது அந்த வீடு. ஞானதாசன் என்று ரப்பர் விவசாயி, எனக்கு ஆறேழு வயது மூத்தவர். அந்தப் பள்ளத்தில் மொபைல் டவர் கிடைக்காது. மேட்டில் ஏறி ஒரு பலாமரத்தடியில் நின்றால் ஒரு கோடு வரும், தும்மினால் அதுவும் போய்விடும். அதனால் அந்த வீட்டுக்கு எல்லாமே எங்கள் லேண்ட்லைன்தான். போனும் அதில், இன்டர்நெட்டும் அதில்.

சாதாரண கம்ப்ளெயின்டாக இருந்தால் நானும் இப்படி அலட்டியிருக்க மாட்டேன். ஞானதாசனின் மகள் ஷீபா நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ. முதல் இன்டர்வியூ தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் நெட் மூன்று முறை அறுந்தது. அங்கிருந்தவர்கள் 'தேங்க்யூ' என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். ஏஜென்சிக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கிக் கொடுத்தார். அது வருகிற வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அதுவும் போனால் போனதுதான், மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

குழித்துறைக்குப் போய் ஏதாவது பிரவுசிங் சென்டரில் உட்காரக் கூடாதா என்று நான் கேட்டேன். ஷீபா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று கண்டிஷனாம். பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் ஆதாரில் அப்பா பெயர் தப்பு என்று கத்திக்கொண்டிருப்பார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்றால், வேலை கிடைக்காவிட்டால் பள்ளத்திலிருந்து மேடு வரை அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

2. என் கைராசி

முதல் மூன்று தடவையும் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பைக்குக்கு சைலன்சர் ஓட்டை. மேட்டில் திரும்பும்போதே பள்ளத்துக்குச் சத்தம் கேட்டுவிடும். வீட்டு முற்றத்தில் போய் இறங்கினால் ஷீபா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

"சாரே, இவ்வளவு நேரமும் செத்துக் கெடந்தது. ஒங்களுக்க பைக் சத்தம் கேட்டதும் ஜீவன் வந்துட்டு! எனக்கு அழுவாச்சி வருது."

மோடத்தைப் பார்ப்பேன். விளக்கு எல்லாம் அசையாமல் பச்சையாக எரியும். வீடியோ போட்டால் தண்ணீர் மாதிரி ஓடும். உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம்ம கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞானதாசன் மட்டும் பத்து நிமிடம் கழித்துத்தான் வருவார். வேட்டியை மடித்துக் கட்டி, வியர்த்து விறுவிறுத்து, கையைத் தோர்த்துத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து நிற்பார். "சாரு எப்பம் வந்தது? ஒரு கட்டன் எடுக்கட்டா?" ரோலர் புரை என்கிற கொட்டகையில், உறைந்த ரப்பர் பாலை ரோலரில் விட்டு ஷீட் அடித்துக்கொண்டிருந்தவர் என்னை மதித்து ஓடி வருகிறார் என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் தடவை ஸ்ப்ளிட்டரை மாற்றினேன். இரண்டாம் தடவை மோடத்தை மாற்றினேன். மூன்றாம் தடவை சுவரோடு ஓடும் வயரைப் புதிதாக இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் பால் விடாத கட்டன் சாயா குடித்தேன். ஒவ்வொரு தடவையும் என் பைக் மேடு ஏறி மறைந்த கொஞ்ச நேரத்தில் நெட் செத்தது.

3. முள் துள்ளியது

எஸ்.டி.இ. திட்டிய சூட்டில் நான் பைக்கை எடுக்கவில்லை. இந்தத் தடவை எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே அந்த லைனை டெஸ்ட் பண்ணினேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். போனுக்குள் மணிக்காக ஒரு கெபாசிட்டர் இருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனைத் தட்டிப் பார்த்தால் மீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளும். ஒரு போன் என்றால் சின்னத் துள்ளு. கூடுதல் போன் இருந்தால் பெரிய துள்ளு. இப்போது கருவியில் நம்பராகவே வந்துவிடுகிறது, ஆனாலும் நாங்கள் பழைய மீட்டரைத் தூக்கிப் போடவில்லை.

ஞானதாசன் வீட்டில் நான் பார்த்தது ஒரே ஒரு போன். முள் துள்ளியதோ மூன்று போனுக்கு. "அடப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே ஜோடிக் கம்பியில் வருகின்றன. வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்ப்ளிட்டர் இரண்டையும் பிரித்து, ஒன்றைப் போனுக்கும் ஒன்றை மோடத்துக்கும் விடும். அதற்கு முன்னாலேயே யாராவது கம்பியை உரித்து இன்னொரு கம்பியைக் கொக்கி போட்டால், இன்டர்நெட் சிக்னலில் ஒரு பங்கு அந்தக் கிளைக்குள் ஓடி, அதன் கடைசியில் முட்டித் திரும்பி வரும். வயலுக்குப் போகிற வாய்க்காலில் பக்கத்தில் ஒரு முட்டு ஓடை வெட்டிவிட்ட மாதிரி. வரும் தண்ணீரும் திரும்பும் தண்ணீரும் கலங்கி மோடத்துக்கு ஒன்றும் புரியாது. அந்தக் கிளையில் ஸ்ப்ளிட்டர் இல்லாத ஒரு மணியும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். மணி அடித்ததும் நெட் அறும்.

ஆனால் நான் போகும்போது ஏன் ஓடுகிறது? அதுதான் பிடிபடவில்லை. பைக் சத்தம் கேட்டதும் ஜீவன் வந்தது என்று ஷீபா சொன்னது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை, இன்டர்வியூவுக்கு முந்தின நாள், மேட்டுச் சாயாக்கடையில் பைக்கை நிறுத்தி கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். "பத்து நிமிசம் கழிச்சு இத ஓட்டிட்டு ஞானதாசன் அண்ணாச்சி வீட்டுக்கு வாரும்" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ரப்பர் மரங்களுக்கு ஊடே இறங்கி, வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்றேன். கொசு என்னைப் பிடுங்கித் தின்றது.

ரோலர் புரையில் ஞானதாசன் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். ரோலர் கடகட என்று கத்தியது. புரைத் தூணில் பள்ளிக்கூடத்து மணி அளவுக்கு ஒரு எலக்ட்ரிக் மணி. அதற்குக் கீழே ஒரு கறுப்புப் போன், டயலைச் சுற்றுகிற பழைய சாதி. வீட்டுப் போனோடு சேர்த்தால் மூன்று, முள் சொன்ன கணக்கு சரி. அதிலிருந்து ஒரு கம்பி ஓட்டின் அடி வழியாக ஓடி, போஸ்டிலிருந்து வரும் எங்கள் டிராப் வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு பேட்டரிக் கிளிப்பால் கடித்துப் பிடித்திருந்தது.

மேட்டில் என் பைக் சத்தம் கேட்டது.

மனிதர் ரோலரை அப்படியே விட்டார். அறுபத்தைந்து வயதுக்காரர் அப்படித் துள்ளிச் சாடி நான் பார்த்ததில்லை. ஸ்டூலில் ஏறினார், கிளிப் இரண்டையும் பிடுங்கினார், உரித்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றினார். அந்த டேப்பை நான் மூன்று தடவை பார்த்து, எங்கள் பழைய ஆள் யாரோ போட்ட ஜாயின்ட் என்று விட்டிருக்கிறேன். பிறகு மணிக்கு மேல் ரப்பர் மரத்துக்கு மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக்கைக் கவிழ்த்தார். போன்மேல், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் போடும் சாக்கு. தோர்த்தில் கையைத் துடைத்து, முகத்தைச் சாதாரணமாக ஆக்கிக்கொண்டு திரும்பினார்.

சாயாக்கடைக்காரர் முற்றத்தில் பைக்கை நிறுத்தும்போது நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அண்ணாச்சி, கட்டன் வேண்டாம்" என்றேன்.

4. பாஸ்போர்ட் போகும்

கத்தத்தான் வந்தேன். வண்டி வண்டியாக வைத்திருந்தேன். "ஒமக்கு மவமேல இரக்கம் உண்டா ஓய்? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு இன்டர்வியூ. மூணு தடவ என்ன முட்டாளாக்கி..." என்று ஆரம்பித்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சாரே, மெல்ல. மவ கேப்பா. கேசு போடாண்டாம். பிள்ளைக்கு பாஸ்போர்ட்டு போயிரும்."

"பாஸ்போர்ட்டா? பாஸ்போர்ட் எங்க வந்துது இதுல?"

"சாருதானே சொன்னது!"

"நானா?"

"மூத்த மவன் மஸ்கட்டுக்குப் போவதுக்கு முன்ன. நான் இந்த மணிய வச்சேன். சாரு கண்டுபிடிச்சிட்டு. இதே எடத்தில நின்னு சொல்லிச்சு. இன்னொரு கம்பி இழுத்தா சர்க்காரு குற்றம், கேசு வரும், போன் கட்டாவும், வீட்டில ஒருத்தருக்கும் பாஸ்போர்ட்டு கெடைக்காதுன்னு. அன்னைக்கு சாருக்கு மீசை உண்டு."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் சொன்னது நானாகத்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் லைன்மேன் என்றால் சின்ன கலெக்டர். கள்ளத்தனமாக எக்ஸ்டென்ஷன் இழுத்தவர்களை மிரட்ட ஆளுக்கு ஒரு டயலாக் வைத்திருந்தோம். வளைகுடா மோகம் பிடித்த இந்த ஊரில் கேஸ், ஃபைன் என்றால் சிரிப்பார்கள், பாஸ்போர்ட் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று கண்டுபிடித்ததே நான்தான். நண்பர்களிடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

"அப்பொறம் எதுக்கு மறுபடியும் இத மாட்டினீரு?"

"மூத்தவன் கூப்பிட்டா ரோலர் சத்தத்தில கேக்காது சாரே. ஒருக்கா மூணு நாளு கூப்பிட்டிருக்கான், நான் எடுக்கேல. அவன் பயந்து பங்குத்தந்தைக்குப் போன் பண்ணி, அவரு ஓடி வந்தாரு, நான் செத்துப்போனேனோன்னு பாக்க."

ஆக, மகனுக்காக மணியை மாட்டினார், மகளுக்காகக் கழற்றினார். பாஸ்போர்ட்டைக் காப்பாற்றுகிறேன் என்று, அந்தப் பாஸ்போர்ட்டால் போக வேண்டிய வேலையையே கெடுத்துக்கொண்டிருந்தார். சிரிக்கவா அழவா? நான் அந்தக் கம்பியைக் கையில் எடுத்தேன்.

நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டை. ரப்பர்.

"இது என்னது?"

"கம்பி நீளம் போதாம ஏச்சுக் கட்டினதாக்கும்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "டேப் சுத்தினா மழையில எளகும். ரப்பருக்குள்ள கரண்டு போவாதுல்லா? ஜாயின்ட டிஷ்ஷில வச்சு ரப்பர் பாலை ஊத்தி, ஆசிட்டு விட்டு ஒறைய வச்சேன். வருசம் எத்தனையோ ஆச்சு, ஒரு துளி தண்ணி எறங்கேல."

கத்தியால் கீறினேன். தண்ணீர் இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் பாலை உறைய வைக்க ஊற்றிய ஆசிட் உள்ளேயே இருந்து செம்பைத் தின்றிருந்தது. பச்சைப் பொடிக்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பிதான் மிச்சம். அப்படிப்பட்ட ஜாயின்ட் காற்றடித்தால் ஒட்டும், ரோலர் சுற்றினால் விடும். ஒட்டும்போதும் விடும்போதும் மோடம் லைனைத் தவறவிட்டு முதலிலிருந்து பிடிக்கும். நான் என் சர்வீஸில் துருப்பிடித்த ஜாயின்ட் பார்த்திருக்கிறேன், எறும்பு கூடு கட்டிய ஜாயின்ட் பார்த்திருக்கிறேன். ஷீட் அடிக்கிற மாதிரி பால் ஊற்றி உறைய வைத்த ஜாயின்டை அன்றுதான் பார்த்தேன்.

கம்பி முழுவதையும் பிடுங்கி எறிந்தேன். உரித்த இடத்தை வெட்டி, டிராப் வயரை நேராக ஸ்ப்ளிட்டருக்குக் கொண்டுவந்தேன். மோடம் அதற்குப் பக்கத்திலேயே. ஸ்ப்ளிட்டரின் போன் பக்கத்திலிருந்து புது வயர் இழுத்து, ரோலர் புரைக்கு முறைப்படி மணியைக் கொடுத்தேன். மோடமின் செட்டிங் பக்கத்தில், சிக்னல் எவ்வளவு தெளிவு என்று காட்டும் மார்ஜின் அதுவரை அஞ்சு, ஆறு என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. இப்போது பதினைந்துக்கு ஏறி அசையாமல் நின்றது.

"மவளுக்கிட்ட சொல்லாண்டாம் சாரே" என்றார். "மொத இன்டர்வியூ என்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவ எனக்க மொகத்தப் பாக்க மாட்டா."

சொல்லவில்லை. நான் ஒன்றும் பெரிய மனது பண்ணவில்லை. பாஸ்போர்ட் கதை பொய் என்று அந்த நேரத்தில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ரிப்போர்ட்டில் 'ஜாயின்ட் பழுது' என்று எழுதிக் குளோஸ் பண்ணினேன்.

5. வியாழக்கிழமை மூன்று மணி

அன்று எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இரண்டேமுக்காலுக்கே போய் முற்றத்தில் நின்றேன். ஷீபா வெள்ளைச் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானதாசனின் மனைவி தங்கபாய் வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்தார். ஞானதாசனால் உட்கார முடியவில்லை. ஏதாவது கையில் இருந்தால் மனம் அடங்கும் என்று ரோலர் புரைக்குப் போனார்.

மூன்று இருபது இருக்கும். கதவுக்குள் ஷீபா இங்கிலீஷில் தடதடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அப்போது ரோலர் புரையில் மணி அடித்தது. சும்மா இல்லை, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி அடித்தது.

ஞானதாசன் "எனக்க மாதாவே!" என்று கத்திக்கொண்டு ஓடியதில் ஒரு டிஷ் பால் தரையில் கவிழ்ந்தது. கிளிப்பைத் தேடி ஸ்டூலில் ஏறினார். கிளிப் எங்கே இருக்கிறது, நான்தான் எடுத்துவிட்டேனே. பிறகு போனை எடுத்தார்.

"லேய், வையிடா! இன்டர்வியூ நடக்கு! முடிஞ்சான்னு கேக்கதுக்கா கூப்பிட்ட? ஒன்னாலதான் முடியப் போவுது!"

மஸ்கட்டிலிருந்து மூத்தவன். தங்கைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறான்.

நானும் தங்கபாயும் கதவையே பார்த்தோம். முப்பத்து நாலு வருட சர்வீஸும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. உள்ளே ஷீபாவின் குரல் நிற்கவில்லை. மணி மறுபடி அடித்தது, குரல் அப்போதும் நிற்கவில்லை. இடையில் அவள் சிரித்ததுகூடக் கேட்டது.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. "எடுத்துட்டாங்க அம்மா! லெட்டர் அனுப்புவாங்களாம்!" என்று தங்கபாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாரே, ஒரு கேள்வி. ஒரு நாளில சரியாவுற காரியத்த மூணு தடவ வந்து சாயா குடிச்சிட்டுப் போனீங்களே, ஏன்? மொத தடவயே இத ஒழுங்கா பாத்திருந்தா எனக்கு ஒரு இன்டர்வியூ போயிருக்குமா? எத்தன நாளு தூங்கேல தெரியுமா? இதுக்காக்கும் ஒங்களுக்கு சம்பளம் தாறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எஸ்.டி.இ. திட்டியதைவிட நன்றாகத் திட்டினாள். ஞானதாசன் புரையிலிருந்து வந்து, கையெல்லாம் பாலாக, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரால் முடியவில்லை.

"சாரை ஒண்ணும் சொல்லாத மக்களே. நான்தான். அந்த மணிக்க கம்பி. சாரு வரும்போ கழற்றுவேன், போனதும் மாட்டுவேன்."

ஷீபா அவர் பக்கம் திரும்பினாள். "என்னத்துக்குப்பா?"

"கேசு வந்தா ஒனக்க பாஸ்போர்ட்டு போவும்லா."

அவள் என்னைப் பார்த்தாள். தங்கபாயும் பார்த்தார். இனி மறைக்க இடமில்லை.

"அண்ணாச்சி, அப்பிடி ஒரு கேசே கிடையாது" என்றேன். "போனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அன்னைக்கு ஒம்ம பயமுறுத்த நானா கெட்டின கதை. என்ன மன்னிக்கணும்."

ஞானதாசன் கையில் ஒட்டியிருந்த பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே நின்றார்.

"இருவது வருசமா ஒங்களுக்க பைக் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு பட படன்னு அடிக்கும் சாரே" என்றார் கடைசியில். "வேற யாரோட பைக்குக்கும் அடிக்காது. இது நெஞ்சுவலியோன்னு குழித்துறையில டாக்டர்கிட்டகூட காட்டினேன்."

ஷீபாவுக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததால் அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது லைனில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் எந்தக் கிளையும் இருக்கக் கூடாது, மோடம் முதல் பாயின்டிலேயே இருக்க வேண்டும், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். இதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. மேனுவலில் இல்லாதது ஒன்று உண்டு. எந்த வீட்டில் நுழைந்தாலும் மீட்டரை வெளியே எடுக்கும் முன், "கேஸ் கிடையாது, ஃபைன் கிடையாது, எங்கெல்லாம் வயர் ஓடுதுன்னு காட்டுங்க" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வீட்டிலேயே வீட்டுக்கார அம்மா எழுந்து போய்க் கட்டிலை இழுத்துப் போட்டார். கீழே நாலு எக்ஸ்டென்ஷன் கிடந்தது.